கடைசிப் பத்தி நீங்கலாக

ஜனவரி 6, திங்கள்

என் பெயர் கு. கோமதிநாயகம். வயது ஐம்பது. ஆற்றங்குறிச்சிக் கலைக் கல்லூரியில் சமூகவியல் துறை இணைப் பேராசிரியர். கால அட்டவணைக் குழுவின் தலைவர். இன்றுமுதல் ஆய்வேடு ஒருங்கிணைப்பாளர். மூன்றாமாண்டு மாணவர்கள் தம் ஆய்வேடுகளுக்கு ஆதாரம் திரட்டும் இப்பருவத்தில், எவற்றையெல்லாம் ஆதாரம் என்று கொண்டுவந்தார்கள், அவற்றை நான் எவ்வாறு நெறிப்படுத்தினேன் என்பதைப் பின்வரும் ஒருங்கிணைப்பாளர்களின் பயன் கருதிப் பதிந்துவைப்பதே இக்குறிப்பின் நோக்கம். உணர்ச்சிகளுக்கு இதில் இடமில்லை.

நிலைமை மோசம். சென்ற ஆண்டின் ஆய்வேடுகளைப் புரட்டினேன். ஒருவன் அடிக்குறிப்பில் "கூகுள்" என்று மட்டும் எழுதியிருக்கிறான். ஒருத்தி "பல அறிஞர்கள்" என்கிறாள். இன்னொருவன் தன் ஆதாரம் "யூடியூப்பில் ஒரு அண்ணன் பேசியது" என்று குறிப்பிட்டு, "பாதிவரை பார்த்தேன்" என்றும் சேர்த்திருக்கிறான். அவனுடைய நேர்மையை மட்டும் பாராட்டலாம்.

ஜனவரி 8, புதன்

ஆதார மதிப்பீட்டுத் தாளை இறுதி செய்து வகுப்பில் வழங்கினேன். பத்துக் கேள்விகள், கேள்விக்கு ஒரு மதிப்பெண். ஆசிரியர் பெயர் உண்டா, முகவரி உண்டா, நூலின் பின்னட்டையில் ஐஎஸ்பிஎன் எண் உண்டா, பதிப்பாசிரியர் குழு உண்டா, அடிக்குறிப்பு உண்டா என்று செல்லும். ஏழுக்குக் குறைந்த எதுவும் ஆதாரமாகாது. அச்சேறாத வாய்மொழிக்குச் சுழியம். மாணவர் தாமே எழுதி வெளியிட்ட கட்டுரையைத் தம் ஆய்வேட்டுக்கு ஆதாரமாக்க இயலாது. ஏழு மதிப்பெண் பெற்ற ஆதாரம் ஒன்றேனும் இல்லாத ஆய்வேடு தேர்ச்சி பெறாது.

கடைசி வரிசை ஜெனிஸ்டன் கையைத் தூக்கினான்.

"சார், இதுல 'படிச்சியா'ன்னு ஒரு கேள்வியே இல்லயே?"

வகுப்பு சிரித்தது. படித்திருப்பதாகவே கொள்ளப்படும் என்று விளக்கினேன்.

"அப்பம் சரி சார்" என்றான். அவன் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. அதன் பொருள் எனக்கு விளங்கவில்லை.

ஜனவரி 9, வியாழன்

மோட்டார் வால்வு கசிகிறது. பிளம்பர் வருவதாகச் சொன்னார். சொன்னது வாய்மொழி, ஆகவே வரவில்லை.

ஜனவரி 20, திங்கள்

மூன்றாமாண்டு பிரமசக்தி மதிய இடைவேளையில் என் அறைக்கு வந்தாள். முதல் வரிசையில் அமர்பவள். கிழக்கே ஒரு மானாவாரிக் கிராமத்திலிருந்து பேருந்தில் வருபவள். அவளது தலைப்பு: கல்லூரிப் படிப்பைப் பாதியில் விடும் கிராமப் பெண்கள். ஒரு துணிப்பை நிறையத் தாள்களை மேசைமீது கவிழ்த்தாள். எல்லாம் கையெழுத்து நேர்காணல்கள்.

"யார் கூறியவை?"

"படிப்ப விட்ட பிள்ளையளே சொன்னது சார். வீடு வீடாப் போயி எழுதுனேன்."

"அச்சில் வந்தனவா?"

"இல்ல சார். அவ அடுப்படியில நின்னுக்கிட்டு சொன்னா, நான் அம்மிக்கல்லுல உக்காந்து எழுதுனேன்."

விதிப்படி, அவள் கண்ணெதிரிலேயே மதிப்பிட்டேன். ஐஎஸ்பிஎன் இல்லை. பதிப்பாசிரியர் குழு இல்லை. கூறியவரின் கல்வித் தகுதி என்ற கேள்விக்கு, பட்டம் இல்லை என்று குறித்தேன்.

"சார், படிப்ப விட்டவகிட்டயே பட்டம் கேட்டா எப்படி சார்?"

எல்லோருக்கும் ஒரே தாள் என்றேன். மொத்தம் சுழியம்.

தாள்களை ஒவ்வொன்றாகப் பைக்குள் வைத்தாள். "ஆய்வேடு போச்சுன்னா அடுத்த வருசந்தான திருப்பிக் குடுக்க முடியும்? அடுத்த வருசம் எங்க அப்பா அனுப்பமாட்டாரு சார். இப்பமே சாயங்காலம் வீடு வர இருட்டிருதுன்னு தெனமும் சண்ட" என்றாள்.

தாளில் குடும்பச் சூழலுக்கென்று இடம் ஒதுக்கப்படவில்லை.

ஜனவரி 22, புதன்

காய்கறிச் சந்தை. கொத்தமல்லி இன்று பறித்ததுதானா என்று கடைக்காரரிடம் மூன்று கேள்விகள் கேட்டேன். என் மனைவி உலகம்மாள் மல்லிக்கட்டைக் கையில் வாங்கி முகர்ந்து பார்த்துப் பையில் போட்டாள். "மணக்கு. வாங்க போவோம்" என்றாள். இதை ஒரு முறையியல் என்று ஒப்புக்கொள்ள முடியாது.

பிப்ரவரி 3, திங்கள்

ஞானக்கோபுரம் பதிப்பகத்திலிருந்து மின்னஞ்சல். "சமகாலச் சமூகம்: பன்முக ஆய்வுகள்" என்ற கட்டுரைத் தொகுதியைப் பத்தே நாளில் கொண்டுவருகிறார்கள், எவரும் கட்டுரை அனுப்பலாமாம், பதிப்பாசிரியர் குழுவில் என் பெயரைச் சேர்க்க இசைவு கேட்டிருக்கிறார்கள். பேராசிரியர் பதவி உயர்வுக்கான என் விண்ணப்பத்தில் குறைவது இதுபோன்ற ஓர் உருப்படி மட்டுமே. இதற்கும் அதற்கும் தொடர்பில்லை. இசைவளித்தேன். கட்டுரைகளை அனுப்பட்டுமா என்று கேட்டார்கள். பருவத்தேர்வுப் பணிகளைக் காரணம் காட்டித் தவிர்த்தேன்.

நண்பகலில் கால அட்டவணைக் குழு கூடியது. ஜூலையில் நான் கொண்டுவந்த சீர்திருத்தத்தின்படி நாள்தோறும் கடைசி மணியில் மென்திறன் வகுப்பு நடக்கிறது. கல்லூரி ஐந்தேகாலுக்கு விடுகிறது. இரண்டாமாண்டுப் பெண்களின் எண்ணிக்கை குறைந்து வருவதாக அலுவலகம் தெரிவித்தது. சமூகக் காரணிகளாக இருக்கலாம் என்று குறிப்பேற்றினோம்.

பிப்ரவரி 14, வெள்ளி

தொகுதி வந்தது. அட்டை வழவழப்பு. என் பெயர் குழுவில் மூன்றாவதாக இருக்கிறது. பட்டங்கள் பிழையின்றி அச்சாகியுள்ளன.

வேடிக்கை என்னவென்றால், மாலையில் பிரமசக்தி அதே நூலைத்தான் ஆதாரமாகக் கொண்டுவந்தாள். அதில் ஒரு கட்டுரை: "இடைநிற்றல்: கிழக்குக் கிராமப் பெண்களை முன்வைத்து". ஆசிரியர்: ச. மாசானமுத்து, சுயாதீன ஆய்வாளர். தாளை எடுத்தேன். பெயர் உண்டு. முகவரி உண்டு. எண் உண்டு. அடிக்குறிப்புகள் ஏராளம். பதிப்பாசிரியர் குழுவும், அதன் தரம் பற்றி நான் கூறுவது முறையன்று எனினும், உண்டு. பத்துக்குப் பத்து.

"பார்த்தாயா, முறையாகத் தேடினால் கிடைக்கிறது" என்றேன்.

"ஆமா சார். ரொம்பத் தேடுனேன்" என்றாள். வாசலில் நின்ற ஜெனிஸ்டனுக்குத் திடீரென்று இருமல் வந்தது.

பிப்ரவரி 21, வெள்ளி

மாசானமுத்து பரவுகிறார். இதுவரை பதினொரு ஆய்வேடுகளில் அவருக்கு மேற்கோள் வந்துவிட்டது. ஊரகப் பொருளாதாரம் எழுதுபவனும் அவரைக் காட்டுகிறான். முதியோர் நலம் எழுதுபவளும் காட்டுகிறாள். அனைவரும் எடுத்தாள்வது ஒரே வரியை, கட்டுரையின் கடைசிப் பத்தியிலிருந்து: "ஆகமொத்தம் பெண்பிள்ளைகள் படிப்பை விடுவதற்கு முழுமுதற் காரணம் கைப்பேசியே." நடை சற்று முரட்டுத்தனமாக இருப்பினும் முடிவு தெளிவாக உள்ளது. அனைவருக்கும் பத்துக்குப் பத்து.

இவ்வளவு ஒழுங்கான ஆய்வேடுகளை இத்துறை கண்டதில்லை.

பிப்ரவரி 24, திங்கள்

முதல்வர் முனைவர் தவசிக்கனி அழைத்தார்.

"கோமதி சார், யாரு சார் இந்த மாசானமுத்து? நம்ம ஊர்க்காரராமே. நான் ஆறு மாசமா வாயால சொல்லிக்கிட்டிருக்கறத மனுசன் ஆராய்ச்சி பண்ணியே நிரூபிச்சிட்டாரு!"

கட்டுரையைப் படித்தீர்களா என்று அவர் என்னைக் கேட்கவில்லை. நானும் அவரைக் கேட்கவில்லை. பிற்பகலில் சுற்றறிக்கை வந்தது: மாணவியர் வாசலிலேயே கைப்பேசிகளை ஒப்படைக்க வேண்டும். மாணவர்களுக்கு இது பொருந்தாது, ஏனெனில் ஆய்வு பெண்களைப் பற்றியது. சுற்றறிக்கையின் அடியில், நான் கற்பித்த வடிவத்திலேயே, மாசானமுத்து மேற்கோள் காட்டப்பட்டிருந்தார். இக்கல்லூரி வரலாற்றில் அடிக்குறிப்புடன் வந்த முதல் சுற்றறிக்கை.

பெருமைப்பட்டேன் என்று எழுதுவதில் தவறில்லை.

பிப்ரவரி 26, புதன்

தேசியக் கருத்தரங்கின் சிறப்புரையாளர் வர இயலாதென்று தெரிவித்துவிட்டார். மாசானமுத்துவையே அழைக்குமாறு முதல்வர் ஆணை. நூலில் கண்ட முகவரிக்கு அழைப்பு அனுப்பினேன்.

வால்வு இன்னும் கசிகிறது.

மார்ச் 5, புதன்

நிகழ்ந்ததை நிகழ்ந்தவாறே பதிகிறேன்.

காலை பத்து மணிக்கு முதல்வரின் காருக்குப் பக்கத்தில் ஒரு ஷேர் ஆட்டோ வந்து நின்றது. ஓட்டிவந்தவர் இறங்கி, காக்கிச் சட்டையைக் கழற்றி இருக்கைக்கு அடியில் வைத்துவிட்டு, உள்ளே அணிந்திருந்த வெள்ளைச் சட்டையின் கையை நீவிக்கொண்டு என்னை நோக்கி வந்தார்.

"என்ன சாரு, என்னையத் தெரியலியா? ஆடி மழையில ரெண்டு தடவ நம்ம வண்டியிலதான வந்திய. மாசானமுத்து. நம்ம பிரமசக்திக்குத் தாய்மாமன்."

மேடையில் பொன்னாடை போர்த்தினோம். அவரை அறிமுகம் செய்யும் பொறுப்பு எனக்கு. "சுயாதீன ஆய்வாளர்" என்ற சொல்லைக் கடந்து என்னால் செல்ல முடியவில்லை. அவர் வண்டி சொந்த வண்டி. அந்த அளவில் சுயாதீனம் பொய்யன்று.

பேச்சில் குறை சொல்வதற்கில்லை. முக்கால் மணி நேரம் ஒரு குறிப்புமின்றிப் பேசினார். கைப்பேசி, நகரும் படங்கள், அவற்றைப் பார்த்துச் சிரிக்கும் பெண்கள், அவர் காலத்தில் சிரிக்காத பெண்கள். முதல்வர் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தலையசைத்தார். பின்னர்க் கேள்வி நேரம். வெளியூரிலிருந்து வந்திருந்த பேராசிரியை ஒருவர், தரவுகளைத் திரட்டிய முறையை விளக்குமாறு கேட்டார்.

"அதெல்லாம் எனக்குத் தெரியாதும்மா" என்றார் மாசானமுத்து ஒலிபெருக்கியில், மிகவும் சகஜமாக. "ஊரூராப் போனது, எழுதுனது எல்லாம் எம் மருமவ. அவ பேருல போட்டா சாரு ஒத்துக்கிடமாட்டாராம், அதுக்கு ஏதோ சட்டம் இருக்காம். 'மாமா, ஒங்க பேரத் தாங்க'ன்னா. பேரு தாரேன், ஆனா எங் கருத்தும் ஒண்ணு வரணும்னு சொல்லிட்டேன். பேர மட்டும் குடுத்துட்டுச் சும்மா இருக்க முடியுமா? நான் கடைசிப் பத்தி மட்டுந்தான்."

மாணவர்கள் கைதட்டினார்கள். ஜெனிஸ்டன் விசிலடித்தான். முதல்வர் நன்றியுரையைத் தொடங்கச் சொன்னார்.

மார்ச் 6, வியாழன்

முதல்வர் அறை. அவர் என்னை உட்காரச் சொல்லவில்லை.

"அந்தப் பொண்ண ஃபெயில் போடுங்க. போலி ஆதாரம். ஒரே வரியில எழுதி எனக்கு அனுப்புங்க."

"சுற்றறிக்கையை என்ன செய்வது, சார்?"

"அது அப்படியே இருக்கட்டும். கடைசிப் பத்தி அவரு சொந்தமா சொன்னதுதான? அதுல போலி ஒண்ணுமில்லயே."

திங்கள்கிழமைக்குள் எழுத்துவடிவில் கருத்துத் தருவதாகக் கூறி வெளியே வந்தேன். விதிப்படி, ஓர் ஆதாரத்தைப் போலி என்று எழுதுமுன் அதைப் படித்திருக்க வேண்டும். ஆகவே துறை அறையில் கதவைச் சாத்திக்கொண்டு, நான் பதிப்பித்த நூலைத் திறந்து, அந்தக் கட்டுரையைப் படிக்கத் தொடங்கினேன். பக்கம் 41.

கடைசிப் பத்திக்கு முன்னால் ஏறத்தாழ ஏழு பக்கங்கள் இருந்தன. கைப்பேசி என்ற சொல் அவற்றில் ஓரிடத்திலும் இல்லை. பெண்கள் பேசுகிறார்கள். கிழக்கே போகும் டவுன் பஸ் கல்லூரி நிறுத்தத்தில் ஐந்து மணிக்கு வருகிறது, அடுத்தது ஏழரைக்கு. "கடேசி மணி அடிச்சதும் ஓடுவோம். ரோட்டுக்கு வந்தா பஸ்ஸே இருக்காது, புழுதிதான் நிக்கும்" என்கிறாள் ஒருத்தி. இருட்டில் காட்டுப்பாதையில் நடக்க வேண்டியிருந்ததால் அண்ணன் நிறுத்திவிட்டதாக இன்னொருத்தி. பாதியில் வெளியேற இசைவு கேட்டதற்கு வருகைப்பதிவில் கைவைத்தார்கள் என்று மற்றொருத்தி. எல்லாம் சென்ற ஜூலைக்குப் பின்னர். ஒவ்வொன்றுக்கும் ஊர், நாள், அடிக்குறிப்பு. அந்தக் கடைசி மணியில் என்ன கற்பித்தார்கள் என்ற கேள்விக்கு ஒருத்தியின் விடை:

"நேர மேலாண்மை."

அந்தப் பக்கத்தை இருமுறை படித்தேன். அச்சுப்பிழை இல்லை.

மார்ச் 7, வெள்ளி

பிரமசக்தியின் வாய்மொழித் தேர்வு. அறையில் நாங்கள் இருவரும் மட்டும். புறத்தேர்வாளர் தேநீர் அருந்தச் சென்றிருந்தார்.

"இந்தக் கட்டுரையின் உண்மையான ஆசிரியர் யார்?"

"கடேசிப் பத்தி மாமா. மிச்சம் அந்தப் பிள்ளையள். நான் எழுத்துக் கூட்டுனேன் சார்."

"கடைசிப் பத்தி உன் தரவுகளுக்கு முரண் என்று தெரியாதா?"

"தெரியும் சார். ஆனா ஏழு பக்கம் படிச்சிட்டு வாரவங்களுக்கு அது பொய்யின்னு தானா தெரிஞ்சிரும்னு நெனச்சேன். யாரும் படிக்கமாட்டாங்கன்னு நெனைக்கல. நீங்ககூட."

நான் தாளைச் சரிசெய்தேன்.

"மாமா மவ சந்தனமாரியும் நின்னுட்டா சார். இங்கதான், ரெண்டாம் வருசம். மாமா அவ போனப் புடுங்கி அரிசிப் பானைக்குள்ள வச்சிருக்காரு. போன் போயும் அவளால வர முடியல. பஸ்ஸு அஞ்சு மணிக்குத்தான போவுது. மாமா வண்டி ராத்திரிவரைக்கும் டவுன்லதான் ஓடும்."

"உன் மாமாவிடம் இதைச் சொல்லவில்லையா?"

"சொன்னேன் சார். 'நீ என்ன பெரிய ஆராய்ச்சியாளரா'ன்னு கேக்காரு. இப்பம் புத்தகத்துல அவரு பேருதான இருக்கு."

புறத்தேர்வாளர் திரும்பிவந்துவிட்டார். வெளியேறும்போது அவள் கேட்டாள்: "சார், நான் பாஸா?"

திங்களன்று அறிவிக்கப்படும் என்றேன். கதவைச் சாத்தாமலே போய்விட்டாள். அது விதிமீறல்தான், குறித்துக்கொள்ளவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

உலகம்மாளிடம் பொதுவாக, பெயர் எதுவும் குறிப்பிடாமல், நிலைமையை விளக்கினேன்.

"அப்பம் போலின்னு எழுதிருங்க" என்றாள் பூண்டு உரித்துக்கொண்டே.

"எழுதினால் பதிப்பாசிரியர் குழுவும் போலியாகிவிடும்."

"அதுல யாரு இருக்கா?"

நான் பூண்டுத் தோல்களை ஒன்றுசேர்த்தேன். அவள் என்னைப் பார்த்துவிட்டு, பூண்டை வைத்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினாள். சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

"என்னங்க, ஒண்ணு கேக்கேன். அந்தப் புள்ள எழுதுனது நெசந்தானா?"

அதைக் கண்டறியும் கேள்வி என் தாளில் இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். சட்டையை மாட்டிக்கொண்டு கல்லூரி நிறுத்தத்துக்குச் சென்றேன். டவுன் பஸ் ஐந்து மணிக்கு வந்தது, நின்றது, போய்விட்டது. ஐந்தேகால்வரை அங்கேயே நின்றேன். வேறொன்றும் வரவில்லை. புழுதி இருந்தது. அது பற்றிய கூற்றும் சரியே.

மார்ச் 10, திங்கள்

முதல்வருக்கு எழுத்துவடிவில் கருத்தளித்தேன். சுருக்கம்: மாசானமுத்துவின் கட்டுரை ஆதார மதிப்பீட்டுத் தாளில் பத்துக்குப் பத்துப் பெற்றது. அது போலியென்றால், அதை மேற்கோள் காட்டிய பதினொரு ஆய்வேடுகளும் போலி. அதைப் பதிப்பித்த குழுவும் போலி. அதன்மீது எழுந்த சுற்றறிக்கையும் போலி. அது மெய்யென்றால், முழுவதும் மெய்யாக இருத்தல் வேண்டும். இரண்டில் எது வேண்டுமென்று தெரிவித்தால் அதற்கேற்பக் கையெழுத்திடச் சித்தமாக உள்ளேன்.

அவர் இருமுறை படித்தார். "நீங்க பதவி உயர்வுக்குப் போட்டிருக்கீங்கல்ல?" என்றார்.

"ஆமாம், சார். அந்த நூலையும் சேர்த்துத்தான்."

"அப்ப மெய்யின்னே வச்சிக்கிடுவோம்" என்றார்.

பிரமசக்தி தேர்ச்சி. மதிப்பெண் பட்டியலில் கையெழுத்திட்டு நானே பலகையில் ஒட்டினேன். முதலில் பார்த்தவன் ஜெனிஸ்டன். "சார், அப்பம் எங்களுக்கும் பாஸா? நாங்க அந்தக் கடேசிப் பத்திய மட்டுந்தான படிச்சோம்" என்றான். அவர்களும் தேர்ச்சிதான். விதி அப்படி. அடுத்த ஆண்டுக்கான தாளில் பதினோராவது கேள்வியைச் சேர்த்துள்ளேன். அது அவனுடைய கேள்வி. பதவி உயர்வு விண்ணப்பம் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. அதைப் பற்றி இன்று எழுதுவதற்கில்லை.

எஞ்சியது ஒன்று. கால அட்டவணைக் குழுவின் தலைவர் என்ற முறையில், தகுந்த ஆதாரம் இருப்பின் அட்டவணையைத் திருத்தும் உரிமை எனக்கு உண்டு. ஆதாரம் இருக்கிறது, ஐஎஸ்பிஎன் எண் பெற்றது, முதல்வரே தம் சுற்றறிக்கையில் மேற்கோள் காட்டியது, இன்று காலை மெய்யென்று ஏற்றுக்கொண்டது. நாளைக் காலை முதல் மணிக்கு முன்னர் புதிய அட்டவணையை அறிவிப்புப் பலகையில் ஒட்டுவேன். மென்திறன் வகுப்பு நீக்கப்படும். கல்லூரி நாலரைக்கு விடும். பிற்பகலில் மாசானமுத்துவின் ஷேர் ஆட்டோவில் ஏறி, அட்டவணையின் படி ஒன்றைச் சந்தனமாரியிடம் நேரில் தருவேன். அட்டவணையின் அடியில் ஒரு குறிப்பு இருக்கும்:

காண்க: ச. மாசானமுத்து, பக்கம் 41 முதல் 47 வரை, கடைசிப் பத்தி நீங்கலாக.